வாதவூரடிகள் காலவாராய்ச்சியும் அறிஞர் ஒருப்பாடும்

புதியதொன்றை ஆராய்ந்து காண்டல் அரிது. கண்டதனைப் பலரும் ஒப்ப நிறுவுதல் அதனினும் அரிது. முன்னதற்குத் தடையாய் நிற்பது பெரும்பாலும் சான்றின்மை. பின்னதற்குத் தடையாய் நிற்பது பெரும்பாலும் சான்றை நோக்குவாரது மனக்கோட்டம். இவ்விரண்டு தடையும் எவ்வாறு ஒன்றனையொன்று பற்றி வளர்கின்றன என்பதனைத் திருவாதவூரடிகள் காலம்பற்றிச் சைவவுலகில் நிகழ்ந்த நெடிய வழக்கிலே தெளியக் காணலாம்.

எட்டாந் திருமுறையாகிய திருவாசகத்தையும் திருக்கோவையாரையும் அருளிச்செய்த பெருமானார் தேவார முதலிகள் மூவர்க்கும் முற்பட்டவரோ பிற்பட்டவரோ என்பதே வழக்கு. மறைமலையடிகள் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மாணிக்கவாசகர் வரலாறுங் காலமும்' என்னும் பெருநூலில் அவர் காலம் கி. பி. மூன்றாம் நூற்றாண்டென நாட்டப் புகுந்தார். கல்வெட்டும் செப்பேடும் துணையாகக் கொண்ட வரலாற்றாசிரியருட் பெரும்பான்மையோர் ஒன்பதாம் நூற்றாண்டென்பர். இவ்விரு முடிபுகட்கும் இடையே கிடப்பன ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள். ஒரே நூலை ஓதி, ஒரே பெருமானை வணங்கும் அறிஞர் இத்துணை அகன்று நிற்றற்குக் காரணம் யாதென ஆராய்தலே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். காலத்தை முடிந்த முடிபாகத் துணிதல் அன்று.

முதற்கண், இருதிறத்தாரும் விரும்பி மேற்கொண்ட ஏது ஒன்று உண்டு. அது 'கூறாமை' என்பது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையிலே தனியடியார்களோடு ஒன்பது தொகையடியார்களையும் எடுத்தோதினார். அவருள் வாதவூரடிகள் திருப்பெயர் வெளிப்படக் காணப்படவில்லை. ஆதலின் அடிகள் சுந்தரர்க்குப் பிற்பட்டவர் என்பது ஒரு சாரார் கூற்று. திருவாசகத்திலே கண்ணப்பரும் சண்டேசரும் நினைக்கப்படுகின்றனர். தேவார முதலிகள் மூவருள் ஒருவரேனும் குறிக்கப்பட்டிலர். ஆதலின் அடிகள் மூவர்க்கும் முற்பட்டவர் என்பது மற்றொரு சாரார் கூற்று. இவ்விரு கூற்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, இரண்டிடத்தும் ஏது ஒன்றேயென்பது விளங்கும். ஒருவர் மற்றொருவரைக் கூறாமைக்கு அவர் பின்னர்த் தோன்றினமையும் காரணமாகலாம். எடுத்துக்கொண்ட பொருள் அவரைக் கூற வேண்டாமையும் காரணமாகலாம். கூறியது பின்னுள்ளார்க்கு விளங்காமையும் காரணமாகலாம். இறைவனொருவனையே நோக்கிக் கரைந்துருகும் பாடலில் அடியார் பலர் பெயர் வாராமை வியப்பன்று.

எனவே கூறாமையென்னும் ஏது, சாதிக்கப்படும் பொருள் உள்ள இடத்தும் அஃது இல்லாத இடத்தும் ஒப்பச் செல்லும். இதனை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியின்பாற் படுப்பர் அளவைநூலார். வாதம்புரிந்த அறிஞர் அளவைநூல் அறியாதாரல்லர். எதிரியார் கூறுங்கால் அதனைப் போலியென்று விரைந்து காண்கின்றனர். தாம் கூறுங்கால் மெய்யேதுவென்று அமைகின்றனர். ஒரு கருவியைப் பிறர் கையிலிருக்கும்போது கோடியதென்றும் தம் கையிலிருக்கும்போது நேரியதென்றும் கொள்வார்க்கு ஒருப்பாடு எங்ஙனம் கூடும்? முதற்றடை இஃதென்க.

இனி, இரண்டாந் தடை இதனினும் நுண்ணியது. திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டில் விளங்கினாரென்பது இருதிறத்தார்க்கும் பெரிதும் உடன்பாடு. அவர் தேவாரத்திலே, நரியைக் குதிரையாக்கிய இறைவன் செயல் போற்றப்படுகின்றது. அச்செயல் வாதவூரடிகள் பொருட்டு நிகழ்ந்தது. ஆகவே அடிகள் நாவுக்கரசர்க்கு முற்பட்டவர் என்று ஒரு சாரார் துணிவர். இத்துணிபு வலியுடையது போலத் தோன்றும். ஆயினும் இதனுள்ளே கூறப்படாது நிற்கும் இணைப்பு ஒன்று உளது. 'அச்செயல் அடிகள் பொருட்டே நிகழ்ந்தது' என்பதே அது. நரி பரியானமையும் பெருமான் மண் சுமந்தமையும் திருவாசகத்துட் பாராட்டப்படுகின்றன. அவை தம்பொருட்டு நிகழ்ந்தனவென்று அடிகள் வெளிப்படக் கூறிற்றிலர். அவ்வாறு விரித்துரைப்பன பின்னெழுந்த திருவிளையாடல் நூல்களும் வாதவூரடிகள் புராணமுமாம்.

ஆகலின் பிற்காலங் கொண்டார், அத்திருவிளையாடல் மதுரையில் முன்னரே வழங்கிய இறைவன் புகழென்றும், அடிகள் வரலாற்றோடு பின்னர் இயைக்கப்பட்டதென்றும் விடை கூறுவர். முற்காலங் கொண்டார், அடிகள் தமக்குற்ற பேற்றைத் தாமே எடுத்து மொழியாமை அடக்கமென்று கூறலாம். இரண்டும் கூடாதனவல்ல. அற்றேல், உண்மையில் மாறுபாடு எங்கே கிடக்கின்றது? நாவுக்கரசர் வாக்கிலும் அன்று, திருவாசகத்திலும் அன்று. இவ்விரண்டையும் பிணிக்கும் இடைக்கண்ணியிலே கிடக்கின்றது. அவ்விடைக்கண்ணியைப் பற்றி வாதம் நிகழ்ந்திருப்பின் பயனுண்டு. நிகழ்ந்ததோ, அதனை விடுத்து இருமுனையையும் பற்றி இழுத்தலேயாம். மறைந்து நிற்கும் துணிபை வெளியிற் கொணராதவரை, சான்று எத்துணை மிகினும் வழக்கு மிகுமேயன்றித் தேயாது.

திருத்தொண்டத் தொகையிலே தொகையடியாராக ஓதப்பட்ட 'பொய்யடிமை இல்லாத புலவர்' என்னும் பெயர்பற்றிய வழக்கும் இத்தகையதே. அப்பெயர் வாதவூரடிகளையே குறிக்குமென்று முற்காலங் கொண்டார் உரைப்பர். தொகை நூலுக்கு வகைநூல் செய்த நம்பியாண்டார் நம்பிகளோ, அப்பெயர்க்குக் கபிலர் பரணர் நக்கீரர் முதலிய சங்கப் புலவரைப் பொருளாகக் கொண்டார். அந்நம்பிகளே கோயிற் றிருப்பண்ணியர் விருத்தத்தில் திருவாதவூரரையும் அவர் செய்த கோவையையும் பாராட்டினார். அடிகளை நன்கு அறிந்தவர், அறிந்திருந்தும் இப்பெயரை அவர்க்குரியதாக்கவில்லையென்பது நோக்கத்தக்கது. நம்பிகள் உரையை மறுத்தல் கூடாதென்பதன்று. மறுப்பார் மறுத்தற்குக் காரணம் காட்டல் வேண்டும். 'அடிகளை நாயனார் பாடாதிரார். ஆகவே பாடினார்' என்பது காரணமாகாது. அது முடிபையே ஏதுவாக நிறுத்துதல்.

இனிச் சான்றென்று சொல்லத்தகும் ஒன்றனைக் காண்போம். திருக்கோவையாரின் நானூறு செய்யுட்களுள் இரண்டிலே வரகுணன் என்னும் பாண்டியன் பெயர் வருகின்றது. அடிகள் காலத்தை அறிதற்கு நூலினுள்ளேயே அமைந்த சான்று இது. வரகுணன் யாவன்? சின்னமனூர்ப் பெரிய செப்பேடு பாண்டியர் வழிமுறையைக் கூறுமிடத்து, வரகுணன் மகன் சீமாறன் சீவல்லபன் என்றும், அவன் மகன் மற்றொரு வரகுணன் என்றும் காட்டுகின்றது. பாட்டனும் பேரனும் ஒரு பெயரினர். முற்காலங் கொண்டாரோ, இவ்விருவர்க்கும் மிக முற்பட்ட வேறொரு வரகுணன் இருந்தானென்பர். அங்ஙனம் ஒருவன் இருந்திருத்தல் கூடாதென்று எவரும் சாதித்தல் இயலாது. ஆயினும் 'இருந்திருத்தல் கூடும்' என்பது ஒன்று. 'இருந்தான்' என்பது வேறொன்று. கூடும் என்பதனைக் கண்டாமென்று கொள்வது ஆராய்ச்சியாளர் பலரும் வழுக்கி வீழும் இடம்.

பேரனாகிய வரகுணன் காலம் எவ்வாறு துணியப்பட்டது? அதனைக் கூறுவது ஒரு கல்வெட்டு. அது சிவாலயத்திலே உள்ளதன்று. பழனிக்கு அணித்தாகிய ஐவர்மலையிலே, சமண முனிவர் ஒருவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கிப் பொன் வழங்கிய செய்தியைச் சொல்லும் கல்வெட்டு. அதன்கண் சகாப்தம் 792ஆம் ஆண்டும் வரகுணனது எட்டாம் ஆட்சியாண்டும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. சகம் 792 கி. பி. 870 ஆகலின், அவ்வேந்தன் முடிசூடியது 862ஐ ஒட்டிய காலமென்பது பெறப்படும். பாண்டிய வரலாறு எழுதிய நீலகண்ட சாத்திரியார் முதலியோர் இதனையே அடிப்படையாகக் கொண்டனர்.

இச்சான்றின் சிறப்பு யாதெனின், அதனைப் பொறித்தவர்க்கு வாதவூரடிகள் வழக்கிலே யாதொரு பற்றும் இல்லை. தம் பள்ளியின் அறம் நின்று நிலவுதலே அவர் வேண்டியது. சைவப் பெரியார் ஒருவர் பாடிய வேந்தனாகப் பின்வந்தோர் வாதிட்டுக்கொள்வரென்று அவர் கனவினும் கருதியிரார். வழக்கிற் றொடர்பில்லாதான் சொல்லும் சான்று தொடர்புடையான் சொல்லும் சான்றினும் ஏற்றமுடைத்தென்பது உலகியலறிந்தார் எல்லார்க்கும் உடன்பாடு. சைவ வரலாற்றுக்கு ஆணியாய் நின்று உதவியது சமணக் கல்லென்பது கருதியின்புறற்பாலது; மெய்ப்பொருள் யார்யார் வாய்க் கேட்பினும் மெய்ப்பொருளேயாகலின்.

ஆயினும் அக்கல்வெட்டுச் சொல்லியது எவ்வளவோ அவ்வளவே கொள்ளற்பாற்று. அது வரகுணன் ஒருவன் காலத்தை நாட்டிற்று. திருக்கோவையார் கூறும் வரகுணன் அவனேயென்று நாட்டிற்றில்லை. பாட்டனாகிய வரகுணனெனக் கொள்வாரும் உளர். சுந்தரர் காலத்தைப் பற்றியும் பட்டினத்தார் பாராட்டும் வரகுணதேவர் பற்றியும் எழும் ஆராய்ச்சிகள் இதனோடு பின்னிக் கிடக்கின்றன. பிற்காலங் கொண்டாருட் சிலர் ஐவர்மலைக் கல்வெட்டு அடிகள் காலத்தையே பொறித்து வைத்தது போல உரையாடுதலும் மிகைபடக் கூறலேயாம். ஒரு சான்றினைக் குறைத்தல் எத்துணைக் குற்றமோ, அதனை அதன் எல்லைக்கு அப்பால் ஓட்டுதலும் அத்துணைக் குற்றம்.

ஈண்டு ஓர் ஆசங்கை நிகழும். 'புராணம் உரையளவையாகலின், கல்லையும் செம்பையும் கொண்டு அதனை அளத்தல் அடாது' என்பது அது. இதற்கு விடை: பரஞ்சோதி முனிவர் திருவிளையாடலில், அரிமர்த்தன பாண்டியன் காலத்து நிகழ்ச்சிகள் கூன்பாண்டியன் காலத்து நிகழ்ச்சிகட்கு முன் வைக்கப்பட்டன வென்பது உண்மை. ஆயினும் அதற்கு முன்னெழுந்த பெரும்பற்றப்புலியூர் நம்பி திருவிளையாடலில் முறைவைப்பு அவ்வாறே அமைந்திலது. வரிசையிலே தம்முள் வேறுபடும் இரண்டு நூல்களும் அருளின் திறத்தை உணர்த்துதலில் வேறுபட்டில. இதனால், புராணத்தின் தாற்பரியம் ஆண்டுக்கணக்கன்று, இறைவன் அடியார்க்கு எளியனாகும் தன்மையே யென்பது போதரும். ஒவ்வோரளவைக்கும் ஒவ்வொரு விடயம் உண்டு. புராணம் சொல்லப்புகாத ஆண்டை அதன்மேலேற்றிவிட்டு, அவ்வாண்டை மறுப்பானைப் புராணத்தை மறுத்தானென்று பழித்தல் நேரிதன்று.

இனி, எல்லாத் தடைகட்கும் வேராய் நிற்பது ஒன்றுண்டு. அடிகள் பெருமை அடிகள் பழமையிலே தங்கியிருக்கின்றதென்னும் எண்ணமே அது. மூன்றாம் நூற்றாண்டென்பார் அடிகளை உயர்த்தினாராகவும், ஒன்பதாம் நூற்றாண்டென்பார் தாழ்த்தினாராகவும் கருதப்படுகின்றனர். ஒரு முடிபு பத்திக்கும் மற்றொரு முடிபு பத்தியின்மைக்கும் அடையாளமானபின், ஆராய்ச்சிக்கு இடமேது? தன் கருத்தை மாற்றிக்கொள்வான் கருத்தை மாற்றிக்கொண்டானாகக் கருதப்படான். கட்சி மாறினானாகக் கருதப்படுவான். ஆசிரியர்பால் வைத்த அன்பும் இதற்கு உடந்தையாகின்றது. மறைமலையடிகள் நூலின் பரப்பும் உழைப்பும் போற்றற்குரியன. அவற்றைப் போற்றுதலும் அவர் முடிபை ஒப்புதலும் ஒன்றென்று கொள்ளுதலே தவறு.

பழமையே பெருமையாயின் சித்தாந்த சாத்திரங்களின் நிலை யாதாகும்? மெய்கண்டதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணத்திலே சகம் 1235 என்று ஆண்டைத் தாமே குறித்தருளினார், அது கி. பி. 1313. இவர்கள் பிற்காலத்தவராதலின் சிவஞானபோதத்திற்கும் சிவப்பிரகாசத்திற்கும் மாற்றுக் குறைந்ததோ? அவ்வாசிரியரே சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில், பழமை ஒன்றே பற்றி நூலைக் கோடலும் புதுமை ஒன்றே பற்றித் தள்ளலும் அறிவுடையார் செயலாகாவென்னும் கருத்தை நிறுவினார். அதனை நாள்தோறும் பாடஞ் சொல்லுவோரே அடிகள் காலத்தில் அதனை மறந்தமை இரங்கத்தக்கது. திருவாசகம் ஓதுவார் உள்ளத்தை உருக்குவது அது பாடப்பெற்ற நூற்றாண்டினாலன்று. மூன்றாம் நூற்றாண்டிற் பாடப்பெற்றதாயினும் உருகாத நெஞ்சம் உருகாது. ஒன்பதாம் நூற்றாண்டிற் பாடப்பெற்றதாயினும் உருகும் நெஞ்சம் உருகும்.

இவ்வெண்ணத்தால் விளையுங் கேடு பண்டிதர் அவையளவில் நின்றொழிவதன்று. சைவ இளைஞன் ஒருவன் கல்லூரியிலே செப்பேடும் கல்வெட்டும் பயின்று வருகின்றான். அவன் கற்றதனைச் சைவப் பெரியார் காரணங்காட்டி மறுப்பாராயின் அவன் கேட்பான். காரணங்காட்டாது அவனைச் சமயப் பகைவனென்று கடிவாராயின், வரலாற்றிலே ஒப்பாதாரைச் சமயத்திலும் ஒப்பாது விட்டு நீங்குவான். காலத்தைக் காக்கப்புகுந்து அடியானை இழத்தல் அறிவுடைமையாகாது.

சான்றின்மை என்னும் தடையும் தானே நேர்வதன்று. அதனை நாமே விளைத்துக்கொள்வதும் உண்டு. அரசாங்கத்தார் தென்னாட்டுக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதியை 1890ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் பின்னரும், திருப்பணி என்னும் பெயரால் எழுத்துள்ள கற்கள் இடம்மாறி அடுக்கப்பட்டன, சுண்ணம் பூசி மறைக்கப்பட்டன, மணல்வீச்சினாலே தேய்க்கப்பட்டன. முன்னையோர் செய்தது இதற்கு மறுதலை. முதலாம் இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில் திருமழபாடி விமானத்தைப் புதுக்கப்புகுந்தபோது, பழைய கல்வெட்டுக்களைப் புத்தகத்திற் படியெடுத்து வைக்க ஆணையிட்டான். அவை இராசேந்திரன் பதினான்காம் ஆட்சியாண்டில் மீண்டும் கல்லிலே வெட்டப்பட்டன. கோயிலையும் புதுக்கினர், கோயிலின் சான்றையும் காத்தனர். அடிகள் காலத்தைத் தெளிவிக்கவல்ல ஒருவரி எந்தச் சுண்ணத்தின் கீழ்க் கிடக்கின்றதென்று எவர் அறிவார்? சான்றில்லையென்று வாதிடும் இருதிறத்தாரும் சான்றினைக் காத்தற்கு ஒன்றுபடலாமன்றோ? அதற்கு நூற்றாண்டுபற்றிய உடன்பாடு வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் ஒருப்பாட்டிற்கு நெறி யாது? வெளியே சென்று தேட வேண்டுவதின்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே சுபக்கம் கூறுமுன் பரபக்கம் கூறினார். உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரியீறாகப் பதினான்கு மதத்தார் கொள்கையையும் முன்னர் அவரவர் கூற்றாகவே நிறுத்திப் பின்னரே மறுத்தார். தம் கொள்கை சித்தியாரில் எடுத்துரைக்கப்பட்டதைக் கண்டு, 'யாம் இங்ஙனம் கொள்வேம்' என்று எதிரியார் உடன்படும்படி உரைத்தலே பரபக்கத்தின் அறம். காலவாராய்ச்சி செய்வார் இவ்வொன்றனை மேற்கொள்வராயின் பாதி வழக்குத் தீரும்.

மீதிப் பாதிக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, எத்தகைய சான்று கிடைப்பின் தம் முடிபைக் கைவிடுவரென்று வாதஞ் செய்வார் முன்னரே கூறுதல். எது கிடைப்பினும் கைவிடேமென்பார் ஆராய்ச்சி செய்பவரல்லர், நேர்ச்சி செய்துகொண்டவர். மற்றொன்று, ஐயத்தை ஐயமாகவே வைத்தற்கு நாணாமை. ஐயத்தையும் திரிபையும் அளவைநூலார் வேறுவேறாக வைத்தது காரணம் பற்றியே. கயிற்றைக் கண்டு கயிறோ பாம்போவென்று நிற்பது ஐயம். பாம்பேயென்று துணிவது திரிபு. ஐயமுற்றான் விளக்குக் கொணர்வான். திரிபுற்றான் தடி கொணர்வான். அடிகள் காலத்தின்கண் துணியப்பட்டன இவை, ஐயமாய் நிற்பன இவை என்று பிரித்து எழுதப்பட்டதோர் ஏடு, நூறு மறுப்புக்களினும் பயனுடைத்து.

திருக்கோவையாரில் வரகுணன் பெயர் உளது, ஒரு வரகுணன் 870இல் ஆட்சி செய்தான், நம்பியாண்டார் நம்பிகள் அடிகளை அறிவர், இவை துணிபு. அவ்வரகுணன் யாவன், நாவுக்கரசர் கூறிய நரிபரி எவர்பொருட்டு நிகழ்ந்தது, சுந்தரர் கூறாமை எதனால், இவை ஐயம். இவற்றுள் ஒன்றேனும் அடிகள் திருவடியிலே வைத்த அன்புக்கு இடையூறு செய்வதன்று. இவ்வளவையும் இருதிறத்தாரும் ஒப்பி ஓரிடத்தே இருந்து, விளக்கெடுத்துக் கல்லையும் ஏட்டையும் தேடுவராயின், வருவார்க்கேனும் வழக்குத் தீரும்.

திருச்சிற்றம்பலம்.